உடைத்த வீட்டு வயரில் ஓர் ஆளைக் கட்டுவது

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் பழைய வீடு ஒன்று உடைபடாத மாதமே இல்லை. ஓட்டு வீடு போகும், எட்டு மாடி எழும்பும். வயரிங் வேலை செய்கிறவன் இதில் குறை சொல்லக் கூடாது, புது மாடியில் எனக்கும் வேலை இருக்கிறது. ஆனால் உடைப்பதற்கு முதல் நாள் பழைய வயரை இழுத்தெடுக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி இழுத்தெடுத்த செம்புக் கம்பியில்தான் பதினொரு வருடமாக ஆட்களைச் சிற்பமாகக் கட்டி வருகிறேன். பார்க்கிறவர்கள் "எங்களுக்கும் சொல்லித் தாங்கோ" என்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

முதல் கேள்வி, யாரைக் கட்டுவது? என்னிடம் வருகிற இளம் பிள்ளைகள் பெரும்பாலும் "சமூகத்தைப் பற்றிச் செய்யப் போகிறேன்", "இயற்கையைப் பற்றிச் செய்யப் போகிறேன்" என்றுதான் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கினால் கடைசியில் உலக உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள்தான் வரும். கையில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்குங்கள். அது யார் வீட்டில் என்ன வேலை பார்த்தது என்று யோசித்தால் ஆள் தானாக வருவார்.

பெரிய கலைஞர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நம் நாட்டின் சந்திரகுப்த தேனுவர 1997இல் எடுத்தது கொழும்பின் சோதனைச் சாவடிகளில் இராணுவ நிறம் பூசி நின்ற தகரப் பரல்களை. அந்தப் பச்சை, மண்ணிறத் திட்டுகள் நம்மில் எத்தனை பேரின் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்! கொலம்பியாவின் டோரிஸ் சல்செடோ 2003இல் இஸ்தான்புல் நகரத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்த வெறுங் காணியில் 1,550 மரக் கதிரைகளை அடுக்கினார். கதிரைகள் மட்டும்தான், ஒரு ஆள்கூட இல்லை. கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் வேலை செய்த எல் அனட்சுயி, சாராயப் போத்தல் மூடிகளைத் தட்டையாக்கிச் செம்புக் கம்பியால் பிணைத்து, சுவர் நிறையத் தொங்கும் பட்டுச் சேலை மாதிரி ஆக்குகிறார். ஐரோப்பியக் கப்பல்கள் ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த பண்டங்களில் சாராயமும் ஒன்று. அதை அந்த மூடியே சொல்லிவிடுகிறது, பக்கத்தில் பலகை எழுதி மாட்டத் தேவையில்லை.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கையின் மூலை வீட்டில் ஒரு ரீச்சர் இருந்தார். 1989இல் நான் ஒரு வயரிங் பாஸிடம் வேலை பழகிய காலத்தில் அந்த வீட்டுக்கு முழுசாக மறுபடி வயர் இழுத்தோம். எல்லா சுவிட்சையும் இறக்கி வைத்தோம், முன் விறாந்தையில் இருந்ததை மட்டும் தொட விடவில்லை. அது அந்தக் காலத்து உருண்டை சுவிட்ச், ஆறடி உயரத்தில். "மனுசன் வைச்ச இடம், இருக்கட்டும்" என்றார். அவரோ ஐந்தடிக்கும் குறைவு. ஒவ்வொரு பொழுதுபடும் நேரமும் இடது கையைச் சுவரில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, வலது கையை எட்டி அதைப் போடுவார். பிறகு பிள்ளைகளோடு கனடா போய்விட்டார். வீடு உடைபட்டபோது அந்த விறாந்தை வயரை இழுத்தவன் நான். வேறு யாரை அதில் கட்ட முடியும்?

இனி வேலை. வயரை நீங்களே சுவரிலிருந்து இழுக்காதீர்கள். மெயின் துண்டித்திருக்கிறது என்று யார் சொன்னாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நான் தொடுவதில்லை. உங்களுக்கு அந்த வேலை வேண்டாம், தெரிந்த ஒருவர் கழற்றித் தரட்டும். பழைய இரும்புக் கடையில் வாங்குவதானால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தெருவோரத் தொலைபேசிக் கேபிளை வெட்டி விற்கிற கூட்டமும் இருக்கிறது. பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன வயர்கள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் இழைகள் மிக மெல்லியவை, எலும்புக்கு ஆகாது.

எங்கள் தொழிலில் வயருக்குப் பெயரே அதன் கணக்குத்தான். 1/1.13 என்றால் 1.13 மில்லிமீட்டரில் ஒற்றைக் கம்பி, லைட்டுக்குப் போவது. 7/0.67 என்றால் 0.67 மில்லிமீட்டரில் ஏழு இழை முறுக்கியது, பிளக்குக்குப் போவது. 7/1.04 அதைவிடத் தடித்தது. ஒன்றரை அடி உயர ஆளுக்கு எலும்பு 7/1.04, உடுப்பு 7/0.67, முகமும் மூக்குக்கண்ணாடியும் 1/1.13. எலும்புக்கு இரண்டு மீட்டர், உடுப்புக்கு ஐந்து மீட்டர், மற்றதில் ஒரு மீட்டர் போதும். மிகப் பழைய வீடுகளில் றப்பர் உறை போட்ட வயர் வரும். தொட்டாலே உறை பொடிப்பொடியாக உதிரும், உள்ளே வெள்ளீயம் பூசிய கம்பி வெள்ளி மாதிரி மினுங்கும். கிடைத்தால் விடாதீர்கள். முகமூடி போட்டுக்கொண்டு உரியுங்கள்.

உறையை எரித்துச் செம்பெடுக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் உறை எரிந்தால் வரும் புகை நெஞ்சை அரிக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகும். மழுங்கிய கத்தியைச் சாய்த்துப் பிடித்து, பென்சில் சீவுகிற மாதிரி நீளவாட்டில் ஒரு கீறு, பிறகு வாழைப்பழத் தோல்தான். கூர்க்கத்தி வேண்டாம், அது கம்பியிலும் காயம் போடும். காயப்பட்ட இடத்தில்தான் பிறகு முறியும்.

அப்பா செட்டியார் தெருவில் நகை செய்தவர். கம்பி பற்றி எனக்குத் தெரிந்த பாதி அவரிடம் கற்றது. செம்பை மூன்று நாலு தரம் ஒரே இடத்தில் வளைத்தால் விறைத்துக்கொள்ளும், அதற்கு மேலும் வளைத்தால் வெடிக்கும். "கம்பி கோவிச்சுக்கொண்டுது, ஆத்து" என்பார். ஆற்றுவது இப்படி: கம்பியை வளையமாகச் சுருட்டி, நீளக் குறட்டால் பிடித்து காஸ் அடுப்புச் சுவாலையில் காட்டுங்கள். குசினி லைட்டை அணைத்துவிட வேண்டும், வெளிச்சத்தில் நிறம் தெரியாது. இருட்டில் மங்கிய சிவப்பு, பழுத்த கோப்பிக்கொட்டை நிறம், தெரிந்த உடனே எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரும்பைச் சுடவைத்துத் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு நேர்மாறு, நூல் மாதிரி இளகி வரும். பிரகாசமான செம்மஞ்சளுக்குப் போக விடாதீர்கள். 1,085 பாகையில் செம்பு உருகும், மெல்லிய இழை அதற்கு முன்பே நொந்துபோகும். மேலே படிந்த கறுப்பைப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால், குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி, இளஞ்சிவப்பு திரும்பும். வெள்ளீயம் பூசிய கம்பியை மட்டும் நெருப்பில் காட்டாதீர்கள், பூச்சு உருகிக் கறுத்துவிடும்.

எலும்புக்கு எடுத்த கம்பியை ஆற்றக் கூடாது, அது விறைப்பாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நுனியை வைஸில் இறுக்கி, மறு நுனியை ட்ரில் மெஷினில் மாட்டி, மெதுவாக ஏழெட்டுச் சுற்று முறுக்குங்கள். முறுக்கேற முறுக்கேற நிமிர்ந்து நிற்கும்.

கடதாசியில் ஆளை, கட்டப்போகும் அதே ஒன்றரை அடி அளவில் வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டும் என்றில்லை. தலை எங்கே, இடுப்பு எங்கே, முழங்கால் எங்கே என்று தெரிந்தால் போதும். சராசரி ஆள் ஏழு தலை உயரம். ரீச்சர் குள்ளம் என்பதால் ஆறு தலைதான் வைத்தேன், அந்த ஒரு தலையைக் குறைத்ததிலேயே பாதி அவர் வந்துவிட்டார். கோட்டின் மேல் தையல் நூலை ஓடவிட்டு அளந்து, ஒரு சாண் சேர்த்து வெட்டுங்கள். குறைந்தால் ஒட்டுப் போட வேண்டி வரும், ஒட்டு எப்போதும் தெரியும்.

மூன்று துண்டு. முதல் துண்டு வலது பாதத்தில் தொடங்கிக் கால், இடுப்பு, முதுகு வழியாக ஏறி, தலைக்கு ஒரு வளையம் போட்டுக் கழுத்துக்குத் திரும்பும். இரண்டாவது இடது பாதத்திலிருந்து ஏறி முதுகில் முதலாவதோடு பின்னிக்கொண்டு தோள்வரை வரும். மூன்றாவது ஒரு கை நுனியிலிருந்து தோள்கள் வழியாக மறு கை நுனிவரை. சந்திக்கும் இடங்களில் 0.67 இழையால் பத்துப் பன்னிரண்டு சுற்று, இடைவெளி இல்லாமல். நகைக்காரர் மாதிரிப் பற்றாசு உருக்கி ஒட்ட எனக்குத் தெரியும், ஆனாலும் வைப்பதில்லை. கட்டு கட்டாகவே தெரியட்டும், நான் வயரிங்காரன்.

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் கையும் காலும். ஏழு இழை இருக்கிறதல்லவா? கைப்பக்க நுனியில் மூன்று விரற்கடை நீளத்துக்கு முறுக்கைப் பிரியுங்கள். ஐந்து இழை ஐந்து விரல். ஒவ்வொன்றையும் நுனியில் மடித்துத் திரும்பக் கொண்டுவந்தால் விரலுக்குச் சதை வந்துவிடும். மிச்சம் இரண்டு இழையை மணிக்கட்டில் சுற்றினால் இரண்டு காப்பு! ரீச்சர் போட்டிருந்ததும் கைக்கு இரண்டு மெல்லிய காப்புத்தான். காலிலும் அதே கணக்கு, ஐந்து இழை விரல், இரண்டு இழை கீழே இறங்கிப் பீடத்துக்குள் போகும். கணக்குப் போட்டுச் செய்ததில்லை இது, ஒரு நாள் இரவு இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கையில் வந்தது.

அடுத்தது சமநிலை. குதிகாலைத் தூக்கி நிற்கிற ஆள் என்பதால் நான் இரண்டு தரம் தோற்றேன். பீடத்தில் பொருத்திய ஆள் விழாது, உண்மைதான். ஆனால் பார்க்கிறவரின் கண் விழப்போகிறது என்று பதறும். இதற்குப் பாடம் படிக்க 1877இல் திறந்த நம் தேசிய நூதனசாலைக்குப் போனேன். பொலனறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்கள் அங்கே இருக்கின்றன. நடராசருக்கு முன்னால் நின்று, ஒரு நூலில் திறப்பைக் கட்டித் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அத்தனை கைகள், தூக்கிய இடது கால், பறக்கும் சடை, எல்லாம் இருந்தும் நூல் தலையிலிருந்து இறங்கி ஊன்றிய வலது காலில் வந்து நிற்கிறது. வீட்டுக்கு வந்து ரீச்சரின் தொண்டைக்குழியிலிருந்து நூலை விட்டேன், அது குதிகாலுக்குப் பின்னால் போய் விழுந்தது. இடுப்பை முன்னுக்குத் தள்ளி, நூல் முன்பாதத்தில் விழும்வரை வளைத்ததும் ஆள் மூச்சுவிட்ட மாதிரி நின்றார். உங்கள் ஆள் உட்கார்ந்திருந்தாலும் குனிந்திருந்தாலும் இதே நூல்தான், எடை எங்கே இறங்குகிறதோ அங்கே விழ வேண்டும்.

சேலைக்கு நான் கடன் வாங்கியது ரூத் அசாவா என்ற அமெரிக்கப் பெண்ணின் கைவேலை. ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அரசு அவரையும் குடும்பத்தையும் முகாமில் அடைத்தது. முள்வேலியைப் பற்றி நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1947இல் மெக்சிகோவின் தொலூக்கா ஊரில் கம்பிக்கூடை பின்னுகிறவர்களிடம் ஒரு பின்னல் கற்று, பிறகு பல வருடம் அந்தக் கம்பிக்குள் கம்பி, கூட்டுக்குள் கூடு என்று என்னென்னவோ செய்தார். உள்ளே இருப்பது வெளியே தெரியும் என்பதுதான் அதில் அழகு.

பின்னல் கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். இடுப்பைச் சுற்றி ஒரு வளையம் கட்டுங்கள். ஆற்றிய 0.67 இழையை ஒரு மீட்டர் துண்டாக எடுங்கள், அதற்கு மேல் நீளமானால் சிக்கும். இழையின் நுனியை வளையத்தில் கட்டி, ஒரு பென்சிலைக் கீழே பிடித்து, இழையைப் பென்சிலைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி வளையத்தில் கொளுவினால் ஒரு கண்ணி. இப்படியே சுற்றிவர ஒரு வரி. இரண்டாம் வரியில் வளையத்துக்குப் பதில் மேல் வரிக் கண்ணியின் அடிவயிற்றில் முன்னாலிருந்து பின்னுக்கு நுழைத்துக் கொளுவுங்கள். வலை கட்டுகிறவர்களைப் பார்த்திருந்தால் கை உடனே பிடித்துக்கொள்ளும். விரிய வேண்டிய இடத்தில் ஒரு கண்ணிக்குள் இரண்டு, ஒடுங்க வேண்டிய இடத்தில் ஒன்றைத் தாண்டிவிடுங்கள். துண்டு முடிந்தால் அடுத்ததோடு மூன்று முறுக்கு முறுக்கி, நுனியை உட்பக்கம் மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்க்க வருகிறவரின் கையைக் கீறும். இறுக்க வேண்டாம், கண்ணி தளர்ந்து தொங்கினால்தான் துணி மாதிரி விழும்.

இடுப்பிலிருந்து கணுக்கால்வரை முப்பத்தைந்து வரி வரும், வரிக்கு முப்பது கண்ணி என்று வையுங்கள். ஆயிரத்துக்கு மேல். எனக்கு மூன்று கிழமை எடுத்தது, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, வானொலியைப் போட்டுவிட்டு. முந்தானை மட்டும் வரி வரியாக இல்லாமல் கொஞ்சம் சிதறவிட்டேன், கடற்காற்று அடிக்கிற விறாந்தை அது.

முகத்தில் கனக்க வேலை செய்யாதீர்கள். தலை வளையத்துக்குள் மூக்குக்கு ஒரு வளைவு, கண்ணாடிக்கு இரண்டு வட்டம், பின்னால் கொண்டைக்கு ஒரு சுருள். கண், வாய் எல்லாம் வைத்தால் கேலிச்சித்திரம் ஆகிவிடும். ஆளைத் தெரிந்தவர்கள் நிற்கிற விதத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். தெரியாதவர்களுக்கு முகம் எதற்கு?

பீடம் அதே வீட்டுச் செங்கல். 8 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால் நாலு துளை போட்டு, பாதத்திலிருந்து வரும் இழைகளை இறக்கி அரல்டைட் பசை விட்டு ஒரு இரவு அசைக்காமல் வையுங்கள். பழைய செங்கல் ஈரத்தை வைத்திருக்கும், இரண்டு நாள் வெயிலில் காயவிட்ட பிறகு துளைப்பது நல்லது. சுவரைச் செய்யாதீர்கள். நான் முதலில் பலகையில் ஒரு சுவர் செய்து சுவிட்சைப் பொருத்திப் பார்த்தேன், பள்ளிக்கூடக் கண்காட்சி மாதிரி இருந்தது. பலகையை எறிந்துவிட்டு, உண்மையான உருண்டை சுவிட்சை மட்டும் ஒற்றை வயரில் மேலிருந்து தொங்கவிட்டேன், விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நூலளவு இடைவெளி. இடது கை வெறுங் காற்றில் ஊன்றி நிற்கிறது. வீடு போய்விட்டது என்பதை அந்தக் கை சொல்கிற அளவுக்கு என்னால் வாயால் சொல்ல முடியாது.

ஒரு பிழையையும் சொல்கிறேன். நான் கட்டிய முதல் ஆளுக்கு, மூட்டுகளைக் கொங்கிறீட் வேலைக்குப் பாவிக்கும் கட்டுக்கம்பியால் கட்டினேன். இரும்பு பலம் என்று நினைப்பு. கடலைப் பார்த்த பல்கனியில் வைத்தேன். தென்மேற்குப் பருவம் வைகாசியில் தொடங்கி புரட்டாதி முடிய முன்னம் ஒரு கை கழன்று தரையில் கிடந்தது. செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். எர்த் கம்பி போடுகிறவன் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், வெட்கக்கேடு. செம்பைச் செம்பாலேயே கட்டுங்கள்.

நிறத்தைக் காற்றிடம் விட்டுவிடலாம். கடற்கரைப் பக்கம் என்றால் சில கிழமைகளிலேயே மண்ணிறம், பிறகு கண்ணிகளின் மடிப்பில் மெல்லப் பச்சை. அவசரம் என்றால் மூடியுள்ள பெரிய வாளியில் ஒரு கிண்ணம் வினாகிரி வைத்து, ஆள் மேல் உப்புத்தண்ணீர் தெளித்து, வினாகிரியில் படாமல் நிறுத்தி மூடிவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் நீலப்பச்சை பூக்கும். அந்தப் பச்சை நஞ்சு, கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. போதும் என்று தோன்றியதும் கழுவி, காயவைத்து, மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் அந்த நிறத்தில் நின்றுவிடும். ரீச்சருக்கு நான் ஒன்றும் பூசவில்லை. அவர் பாட்டுக்குக் கறுத்துக்கொண்டு வருகிறார்.

இருட்டியபின் ஒரு சின்ன லைட்டைப் பக்கவாட்டில் தாழ வையுங்கள். சுவரில் விழும் நிழலில்தான் ஆள் முழுசாகத் தெரிவார், ஆளுயரத்துக்குக்கூட வரும். இந்த நிழலைப் பார்த்தபிறகு நான் பல ஆட்களின் முதுகைத் திருத்தியிருக்கிறேன்.

செம்பு கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்தியாவின் மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டே ஆளுயரத் தெய்வங்களை எழுப்பினார். நம்மிடம் தும்புக் கயிறு இருக்கிறது. ஆனால் அது வேறு வேலை, எனக்குப் பழக்கமில்லை.

ஆட்களுக்குக் காட்ட விரும்பினால் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 முதல் நடந்துவரும் கலா பொல என்ற கலைச் சந்தையை ஒரு தரம் போய்ப் பாருங்கள், தெருவோரமே காட்சிக்கூடமாகிவிடும். கொண்டுபோவதில்தான் சிக்கல். சேலையைச் சுற்றிப் பழைய பத்திரிகையை லேசாகத் திணித்து, அரிசிப் பையில் நிறுத்தி, செங்கல்லை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிய கை எப்படியும் வெளியில்தான் நீட்டிக்கொண்டிருக்கும். 100ஆம் இலக்க பஸ்ஸில் நான் அப்படிப் போனபோது நெரிசலில் யாரோ இடித்து நடுவிரல் பின்னுக்கு மடிந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த சிங்கள அம்மா ஒருவர், என்னிடம் ஒன்றும் கேட்காமல், இரண்டு விரலால் அதைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தி விட்டார். கொஞ்சம் கூடவே நிமிர்த்திவிட்டார், அந்த விரல் இப்போது சுவிட்சைத் தொடுகிறது. நான் அதைத் திருத்தவில்லை.